ஒரு பவுன் தங்கம்... மதுரை முதல் அழகர்கோவில் வரை! கம்பி நகைக் கருவிகளின் அதிசயங்கள் தெரியுமா?

ஒரு பவுன் தங்கத்தை எவ்வளவு நீளத்துக்குக் கம்பியாக இழுக்கலாம், தெரியுமா? எட்டே கிராம்தான். ஆனால் ஐந்து மைக்ரான் கனத்துக்கு, அதாவது நம் தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு இழுத்தால், சுமார் 21 கிலோமீட்டர் வரும்! ஒரு முனையை மதுரையில் கட்டிவிட்டு மறுமுனையோடு கிளம்பினால் அழகர்கோவிலுக்கே போய்ச் சேரலாம். கம்பி நீட்டுவதில் தங்கத்தோடு போட்டி போடுவது மற்ற உலோகங்களுக்குப் பெரும்பாடு.

ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். மின்னணுச் சில்லுகள் பலவற்றின் உள்ளே இணைப்புக் கொடுப்பது 25 மைக்ரான் தங்கக் கம்பிதான். ஒரு கிராமுக்கு நூறு மீட்டருக்கு மேல் கிடைக்கும்.

கம்பி இழுக்க என்ன பெரிய இயந்திரம் வேண்டும்? ஆதியில் வேண்டியிருந்தது ஓர் இரும்புத் தகடும் ஒரு குறடும் மட்டுமே! நம் பத்தர்களின் பட்டறையிலும் அது கிடக்கும்: கம்பியச்சு. பட்டையான எஃகுத் தகட்டில் வரிசை வரிசையாகத் துளைகள். முதல் துளை பெரியது, அடுத்தது ஒரு மயிரிழை சிறியது, அதற்கடுத்தது இன்னும் சிறியது. ஒவ்வொரு துளையும் புனல் மாதிரி பின்பக்கம் அகன்று முன்பக்கம் குறுகியிருக்கும். கம்பியின் நுனியை அரத்தால் ராவிக் கூராக்கி, கொஞ்சம் மெழுகு தடவி, அகன்ற பக்கத்திலிருந்து நுழைக்க வேண்டும். மறுபக்கம் எட்டிப் பார்க்கும் நுனியைக் குறட்டால் கவ்வி ஒரே சீராக இழுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் தழும்பு விழும். நாலைந்து துளை தாண்டியதும் கம்பி விறைத்துக்கொண்டு அடம்பிடிக்கும். உடனே நெருப்பில் காட்டிப் பதமாக்கி, ஆறவைத்து, மறுபடி இழுப்பார்கள். இழுப்பதில் உலோகம் எதுவும் சீவப்படுவதில்லை, வீணாவதில்லை. கனம் குறைந்த அளவுக்கு நீளம் கூடுகிறது!

இந்தத் தகட்டைப் பற்றி 12ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் எழுதி வைத்துவிட்டார் என்பது தெரியுமா? தியோஃபிலஸ் என்ற புனைபெயரில் ஐரோப்பியத் துறவி ஒருவர் எழுதிய கைவினை நூலில், மூன்று விரல் அகலமும் மூன்று நான்கு வரிசைத் துளைகளும் கொண்ட கம்பி இழுக்கும் இரும்பு அப்படியே இருக்கிறது. இன்று நகைக் கருவிக் கடையில் நீங்கள் வாங்கும் தகட்டைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினால், விலையை மட்டும்தான் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

ஊஞ்சலில் உட்கார்ந்து கம்பி இழுத்த கதை இன்னும் வேடிக்கை! ஐரோப்பாவில் தண்ணீர்ச் சக்கரத்தின் விசையால் கம்பி இழுத்த பட்டறைகளில், தொழிலாளி கயிற்று ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பார். கையில் குறடு. சக்கரம் அவரைப் பின்னால் இழுக்கும்போது குறடு கம்பியைக் கவ்வும். விசை தளர்ந்ததும் ஊஞ்சல் அவரை முன்னால் கொண்டுவந்து விடும், அடுத்த பிடி பிடிப்பார். நாள் முழுக்க இதே ஆட்டம். 1540இல் அச்சான பிரிங்குச்சோவின் உலோகவியல் நூலில் இதற்குப் படமே இருக்கிறது. ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரம் கம்பிக்குப் பேர்போனது. அங்கே ஆற்றங்கரையில் இருந்த கம்பி ஆலையை, உலகப் புகழ்பெற்ற ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் இளைஞராக இருந்தபோது நீர்வண்ணத்தில் தீட்டினார். கம்பிப் பட்டறைக்கு இப்படியும் ஒரு யோகம்!

எஃகுத் துளை தேய்ந்தால் என்ன செய்வது? கம்பி கனத்துக்கொண்டே போகுமே! 1819இல் இங்கிலாந்தின் வில்லியம் பிராக்கடன் என்ற ஓவியர் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை வாங்கினார். மாணிக்கம், நீலம் போன்ற கற்களில் துளையிட்டு அதன் வழியே கம்பி இழுப்பது! மோதிரத்தில் வைக்க வேண்டிய கல்லை மோதிரக் கம்பி செய்ய வைத்துவிட்டார் மனிதர். இன்று மெல்லிய கம்பி இழுக்கும் ஆலைகளில் வைர அச்சு சர்வசாதாரணம்.

இதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1813இல், வொலாஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி செய்த தந்திரம் அதைவிட அபாரம். பிளாட்டினக் கம்பியை வெள்ளிக்குள் பொதித்து இரண்டையும் சேர்த்து இழுத்தார். எவ்வளவு முடியுமோ அவ்வளவு மெலிந்ததும் நைட்ரிக் அமிலத்தில் போட்டார். வெள்ளி கரைந்தது, பிளாட்டினம் கரையவில்லை. உள்ளே மிஞ்சியது கண்ணுக்கே தட்டுப்படாத கம்பி!

அப்படியானால் அச்சு வருவதற்கு முன் எகிப்தியரும் கிரேக்கரும் ரோமானியரும் அந்த மெல்லிய தங்கக் கம்பிகளை எப்படிச் செய்தார்கள்? திருகினார்கள்! தகட்டிலிருந்து மெல்லிய நாடாவை வெட்டி, அதை முறுக்கி, இரண்டு வழவழப்பான பரப்புகளுக்கு இடையில் வைத்து உருட்டினார்கள். உருண்டையான கம்பி வந்தது. ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் மேல் சுற்றிச் சுற்றிப் போகும் ஒரு தையல்கோடு தெரியும். அச்சில் இழுத்த கம்பியிலோ நீளவாக்கில் நேர்கோடுகள்தான் இருக்கும். பழங்கால கிரேக்க நகை என்று ஒருவர் நீட்டும் பொருளில் நேர்கோடு தெரிந்தால் நிபுணர்களின் புருவம் உயர்ந்துவிடும். எத்தனையோ போலிகளை இந்தக் கோடு காட்டிக்கொடுத்திருக்கிறது. துரும்பளவு கம்பிக்குள் இப்படி ஒரு சாட்சி!

இப்போது ஒரு பெரிய அதிசயம். வைக்கிங் வீரர்கள் வாழ்ந்த ஸ்காட்லாந்துத் தீவுகளுக்கும் நம் திருச்சிக்கும் என்ன சம்பந்தம், தெரியுமா?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் ஐலா என்று ஒரு தீவு. 1870களில் அங்கே பாலினபி என்ற இடத்தில் வைக்கிங் காலத்துக் கல்லறை ஒன்று வெளிப்பட்டது. புதைக்கப்பட்ட பெண்ணோடு வெள்ளிச் சங்கிலி ஒன்றும் இருந்தது. கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி இல்லை அது. மெல்லிய வெள்ளிக் கம்பியை ஸ்வெட்டர் பின்னுவது போலக் குழாய் வடிவில் பின்னியிருந்தார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1774இல் கிடைத்த ட்ரூஹிடில் புதையலிலும் இதே வகைப் பின்னலில் ஒரு வெள்ளிச் சாட்டை உண்டு. 9ஆம் நூற்றாண்டில் புதைத்தது. இந்தப் பின்னலுக்கு என்ன பெயர் வைப்பது? விக்டோரியா காலத்துத் தொல்லியலாளர்களுக்கு உடனே ஞாபகம் வந்தது திருச்சி! அந்தக் காலத்தில் திருச்சிப் பொற்கொல்லர்கள் பின்னிய வெள்ளி, தங்கச் சங்கிலிகள் ஆங்கிலேயர் கழுத்திலும் கடிகாரத்திலும் தொங்கின. பார்ப்பதற்கு அதே பின்னல். ‘டிரிச்சினோபொலி வேலைப்பாடு’ என்று எழுதிவிட்டார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வைக்கிங் காலத்துச் சங்கிலி, இன்றைக்கும் தொல்லியல் நூல்களில் நம் காவிரிக்கரை ஊரின் பெயரோடுதான் உலவுகிறது. திருச்சி என்றால் லண்டனில் சுருட்டு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

வைக்கிங்குகள் திருச்சிக்கு வந்து கற்றுக்கொண்டார்கள் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தயவுசெய்து நம்ப வேண்டாம். கைக்குக் கை தனித்தனியாகப் பிறந்த உத்தி என்று வைத்துக்கொள்வதே நியாயம். கம்பியும் குச்சியும் விரலும் இருக்கும் எந்த ஊரிலும் இது பிறந்திருக்கக்கூடும்.

ஆமாம், குச்சி! இந்தப் பின்னலுக்கு வேண்டிய கருவியே ஒரு குச்சிதான். பென்சில் கனமுள்ள மரக்குச்சி, அவ்வளவு போதும். தடித்த கம்பியில் ஐந்தாறு இதழ் கொண்ட பூ ஒன்று செய்து குச்சியின் தலையில் கவிழ்த்துக் கட்டுவார்கள். மெல்லிய கம்பியை ஒரு முழம் வெட்டி, முதல் இதழுக்குள் நுழைத்து வளைத்து, கீழே ஒரு கண்ணி. அடுத்த இதழில் அடுத்த கண்ணி. ஒரு சுற்று முடிந்ததும், இரண்டாம் சுற்றில் மேலே இருக்கும் கண்ணியின் கழுத்துக்குப் பின்னால் கம்பியை விட்டு எடுக்க வேண்டும். கம்பி தீர்ந்துவிட்டால் புதுத் துண்டின் நுனியைக் குச்சியோரமாகச் செருகிவிட்டுத் தொடரலாம். ஒட்டுத் தெரியாது. பின்னி முடித்துக் குச்சியை உருவினால் கொசகொசவென்று ஒரு வலைக்குழாய் கையில் நிற்கும். இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும்.

பொறுங்கள். ஒரு மரப்பலகையில் சிறியதும் பெரியதுமாக ஏழெட்டுத் துளைகள். குழாயின் நுனியைப் பெரிய துளையில் விட்டு இழுத்தால் கண்ணிகள் ஒன்றோடொன்று நெருங்கும், குழாய் மெலியும், நீளும். அடுத்த துளை. அடுத்த துளை. கடைசித் துளையிலிருந்து வெளியே வருவது பாம்பு போல வளைந்து நெளியும் வழவழப்பான கொடி! கம்பி செய்த அதே கம்பியச்சு உத்தி, இங்கே மரத்தில். நெருப்பில்லை, பற்றவைப்பு இல்லை. பத்தர் பொடி வைத்து ஊதுவார். இந்த வேலையில் பொடியும் இல்லை, ஊதலும் இல்லை.

கம்பி வேலைப்பாடு நம் நாட்டில் இன்னும் எங்கெல்லாம் பிழைத்திருக்கிறது என்றால், தெலங்கானாவின் கரீம்நகரிலும் ஒடிசாவின் கட்டாக்கிலும் வெள்ளிக் கம்பியைப் பூவாகவும் கொடியாகவும் வளைக்கிறார்கள். இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. நம் காஞ்சிபுரப் பட்டுச் சரிகையின் ரகசியமும் கம்பிதான். முடியளவுக்கு இழுத்த வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, சிவப்புப் பட்டு நூலின் மேல் சுற்றி, தங்க முலாம் ஏற்றினால் அசல் சரிகை. முகூர்த்தப் புடவை கட்டிய ஒவ்வொரு மணப்பெண்ணும் அந்த வகையில் கம்பி நகையை உடுத்தியிருக்கிறாள்!

கடைக்குப் போய்க் கம்பி கேட்டால் ‘எத்தனை கேஜ்?’ என்பார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலிகிறதே, ஏன் இந்தத் தலைகீழ்க் கணக்கு? காரணம் அதே துளைத் தகடு. எத்தனை துளை தாண்டியதோ அத்தனை எண். அதிகம் தாண்டியது அதிகம் மெலிந்தது! இதில் ஒரு பொறியும் இருக்கிறது. பிரிட்டனில் 1884இல் சட்டபூர்வமான அளவு ஒன்று. அமெரிக்க அளவு வேறொன்று. இருபதாம் எண் கம்பி பிரிட்டிஷ் கணக்கில் 0.914 மில்லிமீட்டர், அமெரிக்கக் கணக்கில் 0.812. நம்மூர் ஹார்டுவேர் கடைகளில் புழங்குவது பெரும்பாலும் பிரிட்டிஷ் கணக்கு. வீடியோவில் பார்த்த அமெரிக்கப் பெண்மணி இருபது என்கிறாரே என்று இங்கே இருபது வாங்கித் தோடு செய்தால் காதுத் துளையில் இறுக்கும். மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள், வம்பே இல்லை.

வளைத்து வளைத்துப் பார்த்தால் கம்பி ஏன் ஒடிகிறது, தெரியுமா? 1934இல் மூன்று விஞ்ஞானிகள், டெய்லர், ஓரோவான், போலானி, ஒருவரையொருவர் கேட்காமலேயே ஒரே விடையைக் கண்டார்கள்! உலோகத்தின் அணு அடுக்குகளில் சின்னச் சின்னப் பிசகுகள் உண்டு. அவை நகர்வதால்தான் கம்பி வளைகிறது. வளைக்க வளைக்கப் பிசகுகள் பெருகும். தேரோட்டத்தன்று மாட வீதியில் நாலு பக்கமும் ஆட்கள் புகுந்துவிட்டால் ஒருவரும் நகர முடியாதே, அந்த நிலை வந்ததும் கம்பி விறைக்கும். அதற்கு மேலும் வளைத்தால் ஒடியும். நெருப்பில் காட்டினால் அடுக்குகள் புதிதாக அமைந்து கம்பி மறுபடி குழையும். பத்தர்கள் 1934க்குக் காத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த விறைப்பே கம்பி நகைக்கு உயிர்! பற்றவைக்காத தோடு காதில் அவிழாமல் நிற்பது இதனால்தான். கம்பியை உருக்கொடுத்து முடித்ததும் நைலான் சுத்தியலால் லேசாகத் தட்டுவார்கள். எஃகுச் சுத்தியல் கம்பியைத் தட்டையாக்கும், நைலான் சுத்தியல் வடிவத்தைத் தொடாமல் விறைப்பை மட்டும் ஏற்றும்.

குறடுகளுக்கு வருவோம். வீட்டுப் பெட்டியில் இருக்கும் நோஸ் பிளையரை நகைக்கு எடுக்கக் கூடாது. அதன் வாய்க்குள் பல் இருக்கிறது. செம்புக் கம்பியில் ஒரு கடி கடித்தால் வரிவரியாகத் தழும்பு, எந்தப் பாலீஷிலும் போகாது. நகைக் குறட்டின் வாய் வழவழவென்று இருக்க வேண்டும். வளையம் செய்ய உருண்டை மூக்குக் குறடு. அதன் இரண்டு தாடையும் அடியில் பருத்து நுனியில் ஒல்லியாகும் கூம்பு. ஆகவே ஒரே குறட்டில் எத்தனை அளவு வளையம் வேண்டுமானாலும் செய்யலாம்! இரண்டு தோட்டிலும் வளையம் ஒரே அளவாக வர வேண்டுமா? தாடையில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு இரண்டு தடவையும் அதே இடத்தில் சுற்றினால் போதும். இணைப்பு வளையத்தைத் திறக்கும்போது இரண்டு முனையையும் எதிரெதிராக இழுத்து அகட்டினால் வட்டம் கெட்டுவிடும். ஒன்றை முன்னால், ஒன்றைப் பின்னால் தள்ளித் திறந்து அதே வழியில் மூட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களின் பாதி நகைகள் அவிழ்ந்து விழுவது இந்த ஒரு விஷயத்தால்தான்.

கட்டருக்கு முகமும் உண்டு, முதுகும் உண்டு! ஒரு பக்கம் வெட்டினால் நுனி கூரை போல முக்கோணமாக நிற்கும். மறுபக்கம் வெட்டினால் தட்டையாக வரும். தட்டையான பக்கம் எப்போதும் நகையைப் பார்த்து இருக்கட்டும். ‘மெமரி வயர்’ என்று வளையல் சுருளாக விற்கிறார்களே, அது விறைப்பான எஃகு. நல்ல கட்டரில் அதை ஒருமுறை வெட்டினால் வாய் பொக்கையாகிவிடும். வெட்டும்போது பறக்கும் துணுக்கு நேராகக் கண்ணைத்தான் தேடும், உள்ளங்கையால் மூடிக்கொண்டு வெட்டுங்கள்.

வெறும் குறட்டை வைத்துக்கொண்டு உலகப் புகழ் பெற்றவர் உண்டா? உண்டு! அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர். காற்றில் ஆடும் தொங்கு சிற்பங்களுக்குப் பெயர்போன இவர், சிறுவனாக இருந்தபோது தெருவில் மின்கம்பிக்காரர்கள் போட்டுவிட்டுப் போன செம்புத் துண்டுகளைப் பொறுக்கி, அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்தார். பெரியவரானதும் செய்தவை சுமார் 1,800 நகைகள். பெரும்பாலும் பற்றவைப்பே கிடையாது, சுத்தியலால் தட்டுவதும் சுருட்டுவதும் முடிச்சுப் போடுவதும்தான். 1942இல் பெக்கி குகன்ஹெய்ம் நியூயார்க்கில் தன் கலைக்கூடத்தைத் திறந்தபோது ஒரு காதில் கால்டரின் தோடு, மறு காதில் ஓவியர் டாங்கி செய்த தோடு! யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லையாம். கால்டர் 1955இல் அகமதாபாத்துக்கு சாராபாய் குடும்பத்தின் விருந்தினராக வந்தார். தங்கிய நாட்களில் சிற்பங்களோடு நகைகளும் செய்தார்.

சாயமே இல்லாமல் உலோகத்தில் நீலம், ஊதா, பொன்மஞ்சள் கொண்டுவர முடியுமா? டைட்டானியம், நியோபியம் கம்பியை உப்புக்கரைசல் போன்ற திரவத்தில் முக்கி மின்சாரம் பாய்ச்சினால் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் வளரும். வோல்ட் கூடக் கூடப் படலம் தடிக்கும், நிறம் மாறும். சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிவதற்கான அதே ஒளி விளையாட்டு. இரண்டுமே தோலுக்கு ஒத்துப்போகும் உலோகங்கள் என்பது கூடுதல் லாபம். மலிவுத் தோடு போட்டுக் காது புண்ணாகிறதா? பெரும்பாலும் நிக்கல்தான் குற்றவாளி. ஐரோப்பிய ஒன்றியம் 1994லேயே நகைகளில் நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது.

கடைசியாக ஒரு சமையலறை மாயம். செம்பு, வெள்ளி நகைக்குப் பழங்கால மெருகு வேண்டுமா? வேகவைத்த முட்டையை மஞ்சள்கருவோடு நசுக்கி, நகையையும் சேர்த்து ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். முட்டையிலிருந்து வரும் கந்தகவாயு கம்பியைக் கறுக்கவைக்கும்! மேடான இடங்களை மட்டும் துணியால் தேய்த்தால் பள்ளங்களில் கருமை தங்கி வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும். பிடிக்கவில்லையா? செம்பென்றால் இருக்கவே இருக்கிறது புளி.

இத்தனையும் படித்துவிட்டு ஆன்லைனில் இருபது கருவி அடங்கிய பெட்டியை வாங்கிவிடாதீர்கள். பெட்டியில் பாதிக்கு வேலையே இருக்காது, மீதி ஆறு மாதத்தில் ஆட்டம் காணும். உருண்டை மூக்குக் குறடு, பல்லில்லாத நோஸ் பிளையர், நல்ல கட்டர் ஆகிய மூன்றை மட்டும் தரமாக வாங்குங்கள். வெள்ளியைத் தொடாதீர்கள். 0.8 மில்லிமீட்டர் செம்புக் கம்பி பத்து மீட்டர் எடுத்துக்கொண்டு, முதலில் ஒரே அளவில் ஐம்பது வளையம் போட்டுப் பாருங்கள். ஐம்பதும் ஒரே வட்டமாக வந்தபிறகு வெள்ளிக் கடைக்குப் போகலாம்.